தக்கலை ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டி: ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பெட்டியைத் திறந்து பார்க்காமலே ஸ்கேனரை முடிவு செய்துவிட்டேன். நாகர்கோவில் வடசேரியில் கல்யாண ஆல்பம் வடிவமைத்து வயிறு வளர்க்கிறவன், ஒரு காலத்தில் இருட்டறையில் கை நனைத்தவன், இந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது.

தக்கலையில் 1960களின் நடுவில் தொடங்கி, டிஜிட்டல் வந்த பிறகு மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோ. நடத்தியவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். மகள் பள்ளி ஆசிரியை. என் நண்பரின் மனைவி. அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, அப்பாவின் நெகட்டிவ் எல்லாம் மச்சில் கிடக்கிறது. வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறோம். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். என்ன மெஷின் வாங்கலாம்?”

நெகட்டிவ் என்றதும் என் கண் முன் வந்தது 35 மி.மீ. சுருள். ஆகவே, யோசிக்காமல் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200i என்றேன். 35 மி.மீ. பிலிமுக்கென்றே செய்த சிறிய பெட்டி அது. ஆறு படம் கொண்ட துண்டைச் சட்டத்தில் பூட்டி, ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும். பெட்டியின் மேல் 7200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 7200 புள்ளி, என்று போட்டிருக்கும். அளவுக்கோடுகள் உள்ள தகட்டை வைத்துச் சோதித்தவர்கள் உண்மையில் 3200-ஐ ஒட்டித்தான் தேறுகிறது என்கிறார்கள். அந்த விலைக்கு அதுவே நல்ல கணக்கு. டீச்சர் பணம் கட்டத் தயாராகிவிட்டார். நல்லவேளை, கட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தக்கலைக்குப் போனேன்.

பெட்டிக்குள் இருந்தவை

அயனிப் பலகையில் செய்த பெட்டி. இரண்டு ஆள் சேர்ந்து மச்சிலிருந்து இறக்கினோம். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். அசிட்டேட் பிலிம் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். அது வந்துவிட்டால் மற்ற பிலிம்களை உடனே பிரித்து வைக்க வேண்டும். அந்த வாடை இல்லை. பாச்சை உருண்டையும் பழைய காகிதமும்தான் மணத்தன.

மேலடுக்கில் மட்டுமே நான் நினைத்த 35 மி.மீ. கலர்ச் சுருள்கள், சுமார் 250. அதற்குக் கீழே முழுவதும் 120 என்கிற அகலமான ரோல் பிலிம், கறுப்பு வெள்ளை. ஓர்வோ பிராண்டும், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து பிராண்டும். பன்னிரண்டு படம் விழும் ரோலை ஒவ்வொரு படமாக வெட்டி, எண் எழுதிய காகித உறையில் போட்டிருந்தார் பெரியவர். வாடிக்கையாளர் மூன்று வருடம் கழித்து வந்து “இன்னும் இரண்டு காப்பி வேண்டும்” என்றால் உடனே எடுத்துத் தர அதுதான் வசதி. எண்ணிப் பார்த்ததில் 3,800 உறைகள். அடித்தட்டில் கனமான அட்டைப் பெட்டிகள். அவற்றில் ஹாஃப் பிளேட் தாள் பிலிம்கள், நானூறுக்குச் சற்று மேல். கல்யாண வீட்டுக் கூட்டமும், பள்ளிக்கூடத்தின் ஆண்டு இறுதிப் படமும் அந்த அளவில்தான் எடுப்பார்கள்.

35 மி.மீ.யைத் தவிர எதையும் விழுங்காத மெஷினை இந்தப் பெட்டிக்கு வாங்கியிருந்தால், மேலடுக்கை முடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்போம். அந்த மேலடுக்குதான் பெட்டியிலேயே மதிப்புக் குறைந்தது. 90களின் கல்யாணக் கலர்ப் படங்கள். அநேகமாக எல்லாருடைய வீட்டிலும் ஆல்பமாக இருக்கின்றன.

இடையில் டீச்சரின் மகன் ஆன்லைனில் ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தான். முன்னால் திரை, பக்கவாட்டில் துளை. பிலிமைச் செருகினால் ஒரு நொடியில் படம். உள்ளே இருப்பது ஒரு மலிவான கேமரா, ஒரு விளக்கு, அவ்வளவுதான். படத்தின் நான்கு ஓரத்தையும் கத்தரித்துவிட்டு ஜேபெக் மட்டும் தருகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வெட்டுப்பட்ட வழிகள்

அடுத்து வந்த பெயர் எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600. தட்டையான ஸ்கேனர், மூடியிலேயே பிலிமுக்கான விளக்கு, 120 பிலிமும் ஏற்கும், விலையும் கைக்கு அடங்கும். என்னைத் தடுத்தது மூடியில் இருக்கும் அந்த விளக்கின் அகலம்: 2.7 அங்குலம். 120 பிலிமின் அகலம் 61 மி.மீ.; அது பொருந்திவிடும். ஹாஃப் பிளேட் நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலம். மூன்று பட்டையாக ஸ்கேன் செய்து ஒட்டவைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒன்றிரண்டுக்குச் செய்யலாம், நானூறுக்குச் செய்ய என்னால் முடியாது.

சென்னையிலுள்ள நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய நிக்கான் கூல்ஸ்கேன் 9000-ஐத் தருவதாகச் சொன்னார். ஆசைப்படாமல் இருக்க முடியவில்லை. 4000 டிபிஐ என்று எழுதியிருந்தால் கிட்டத்தட்ட 4000-ஐயே கொடுக்கும் மெஷின் அது. 120 பிலிமும் போகும். ஆனால், உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஃபயர்வயர் இணைப்பு, இன்றைய கம்ப்யூட்டரில் அந்தத் துளையே கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் புகை படிந்தால் படத்தில் வெள்ளையைச் சுற்றி ஒளிவட்டம் கசியும். இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பக்கமும் நனைகிற மாவட்டத்தில் அதைத் திறந்து துடைத்துத் தர ஆள் தேடி எங்கே போவது? ஹாஃப் பிளேட்டும் அதில் நுழையாது. நன்றி சொல்லி விட்டுவிட்டேன்.

ஆக மிஞ்சியது எப்சன் வி850. வி600-ஐவிட மூன்று நான்கு மடங்கு விலை. பிலிம் விளக்கு 8-க்கு 10 அங்குலப் பரப்பை மூடுகிறது. உள்ளே இரண்டு லென்ஸ்: ஒன்று சட்டத்தில் சற்று உயரத்தில் நிற்கும் பிலிமுக்கு, மற்றது கண்ணாடி மேலேயே படுக்கும் பெரிய பிலிமுக்கு. பெட்டியில் எழுதியிருக்கும் 6400-ஐ நம்ப வேண்டாம். சோதனைகளில் தேறுவது 2300 சுற்றளவு. வி600-இல் அது 1500 வாக்கில் நின்றுவிடுகிறது.

இந்த 2300 போதுமா என்பதற்கு வாய்ப்பாடு போதும். 120-இல் ஒரு சதுரப் படம் 56 மி.மீ.; 2400 டிபிஐயில் பக்கத்துக்கு 5,290 புள்ளி, மொத்தம் 28 மெகாபிக்சல். பதினாறு அங்குலச் சதுரமாகப் பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் மிஞ்சும். ஹாஃப் பிளேட்டுக்கு 1200 டிபிஐயே 44 மெகாபிக்சல் தருகிறது. கலர்ச் சுருள்களோ நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை. அதற்கு 1300 டிபிஐ போதும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் பிலிமின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்கினால், பாதி வாதம் அங்கேயே ஒழிந்துவிடுகிறது.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் இன்னொன்று, அகச்சிவப்புக் கதிரால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து அழிக்கும் வசதி. இதற்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. கலர் நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்விடும், தூசியில் மட்டும் தடுக்கிவிழும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். அகச்சிவப்பு அதிலும் தடுக்கும். மெஷின் படத்தையே அழுக்கு என்று நினைத்து மூக்கையும் முழியையும் துடைத்துவைக்கும். எங்கள் பெட்டியில் மேலடுக்கைத் தவிர எல்லாம் வெள்ளி. ஆகவே, தேர்வில் இந்த வசதிக்கு நான் மதிப்பெண்ணே போடவில்லை.

பஞ்சில் வந்த கறுப்பு

வாங்குவதற்கு முன் மாதிரிக்கு ஐந்து நெகட்டிவ் எடுத்துக்கொண்டு, நாகர்கோவிலில் வி850 வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். ஐந்தில் ஒன்று, 1970களில் எடுத்த ஒரு பெண்ணின் மார்பளவுப் படம். முகத்தின் மேல் ஏதோ மங்கலாகப் படிந்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றினேன். பஞ்சு கறுத்தது. ஸ்கேன் செய்து பார்த்தபோது, கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு.

பெரியவரிடம் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அதைத் துடைத்துவிட்டாயா மக்களே?”

“அழுக்கு என்று நினைத்துவிட்டேன் மாமா.”

“பென்சில் அது. ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.”

நெகட்டிவிலேயே முகத்தைக் கையால் திருத்தும் டச்சிங் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால், கையில் ஒரு நெகட்டிவைப் பிடித்துக்கொண்டு அது ஞாபகம் வரவில்லை. தழும்பின் குழி பிரிண்டில் கறுப்பாக விழும். அப்படியென்றால் நெகட்டிவில் அந்த இடம் மற்றதைவிடத் தெளிவாக, ஒளி தாராளமாகப் போகிறபடி இருக்கிறது. ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தத் தெளிவை நிரப்பினால் ஒளி குறையும், பிரிண்டில் குழி மறையும். பென்சில் பிடிப்பதற்காக, படம் படிந்திருக்கும் மருந்துப் பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் தடவியிருப்பார். நான் ஆல்கஹாலால் அழித்தது அதைத்தான். அந்த ஒரு முகம் போனது போனதுதான்.

அந்தப் பஞ்சுதான் இந்த வேலையின் போக்கை மாற்றியது. பிலிமையும் கண்ணாடியையும் திரவத்தால் ஒட்டவைத்து ஸ்கேன் செய்யும் முறையை, கீறல் மறையும் என்பதற்காக, மனதில் வைத்திருந்தேன். அன்றே கைவிட்டேன். இனி ஊதுபந்தும் மென்மயிர்த் தூரிகையும் மட்டும். அதுவும் பளபளப்பான பின்பக்கத்தில் மட்டும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பென்சில் சின்னக் குறைக்கு. பெரிய நிழலுக்கு, கழுத்தின் கறுப்புக்கு, கண்ணுக்கடியில் உள்ள வளையத்துக்குச் சிவப்புச் சாயம். தூரிகை முனையை நாக்கில் தொட்டு, நீர்த்த சாயத்தை அடுக்கடுக்காக ஏற்றுவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஹாஃப் பிளேட்டில் மணப்பெண்ணின் கழுத்து இளஞ்சிவப்பாக இருந்தது.

கறுப்பு வெள்ளைதானே என்று ஸ்கேனரைச் சாம்பல் முறையில் ஓட்டினால் இந்தச் சிவப்பு என்ன ஆகும்? பிரிண்ட் போடும் புரோமைடு தாளுக்கு நீலம்தான் கண், சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ததே அதனால்தான். ஆகவே, தாளைப் பொறுத்தவரை சிவப்புச் சாயம் என்பது சுவர். ஸ்கேனர் மூன்று நிறத்தையும் பார்க்கும். சாம்பல் முறையில் எந்த நிறத்திலிருந்து அந்தச் சாம்பலை எடுக்கிறது என்பது நம் கையில் இல்லை. அதில் சிவப்பு கலந்தால் பெரியவரின் வேலை பாதி கரைந்துபோகும்.

ஆகவே கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைக் கலராக, நிறத்துக்கு 16 பிட் வீதம் 48 பிட்டில் ஸ்கேன் செய்தோம். பிறகு மூன்று நிறத் தளங்களையும் பிரித்துப் பார்த்தால், ஒரே நெகட்டிவில் இரண்டு பெண்கள். சிவப்புத் தளத்தில் சாயம் காணாமல் போகிறது: கேமரா பார்த்த கழுத்து, கேமரா பார்த்த நிழல். நீலத் தளத்தில் சாயம் கெட்டியாக நிற்கிறது: பெரியவர் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிய முகம். பென்சில் மட்டும் இரண்டிலும் இருக்கும். கரி எல்லா நிறத்தையும் தடுக்கும். நீலத் தளத்தை 2400 டிபிஐயில் பெரிதாக்கினால் பென்சில் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. எட்டுப் போலச் சின்னச் சின்ன வளையங்கள், எல்லாம் ஒரே சாய்வில். வலது கைக்காரர் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

கோப்பின் எடை மூன்று மடங்காயிற்று. ஒரு 120 படம் 168 எம்பி. ஆகட்டும். ஹார்டு டிஸ்க் மலிவு.

நேரம்

மாதிரி வேலையில் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். உறையைப் பிரிப்பது, ஊதுவது, சட்டத்தில் வைப்பது, ஓட்டுவது, பெயரிடுவது, திரும்ப உறையிலிடுவது எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்கு நான்கு நிமிடம். 3,800 படத்துக்கு 253 மணி நேரம். மாலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 84 நாள், ஹாஃப் பிளேட்டைத் தொடாமலே. வீட்டைப் பிரிக்க இரண்டு மாதம்தான் இருந்தது.

ஆகவே, முதல் இரண்டு வாரம் ஸ்கேனரையே தொடவில்லை. எல்இடி பலகை ஒன்றை மேசையில் படுக்கவைத்து, உறையையும் நெகட்டிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்தோம். எண், தேதி, உறையில் உள்ள ஊர்ப் பெயர் எல்லாம் ஒரே படத்தில் விழுந்துவிடும். டீச்சரும் மகனும் நாளுக்கு முந்நூறு முடித்தார்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஒதுங்கின. பெரியவர் கை வைத்தவை, இடம் தெரிகிறவை, கூட்டம் உள்ளவை என்று 900 மிஞ்சின. இப்படிச் சலித்த பிறகுதான் வி850-க்குப் பணம் கட்டினோம்.

ஒற்றைப் படமாக வெட்டிய 120 பிலிம், ஸ்கேனரோடு வரும் சட்டத்தில் ஒழுங்காக நிற்கவில்லை. துண்டாக இருந்தால் இரு முனையிலும் பிடி கிடைக்கும், ஒற்றைக்குக் கிடைக்காது. கறுப்புச் சார்ட் அட்டையில் 54 மி.மீ. சதுரச் சன்னல் வெட்டி, இரண்டு அட்டைக்கு நடுவே படத்தை வைத்துச் சட்டத்தில் செருகினோம். ஓரத்தில் ஒரு மி.மீ. போகிறது, யாரும் அழவில்லை. ஹாஃப் பிளேட்டை நேராகக் கண்ணாடி மேல் படுக்கவைத்தோம், மங்கலான மருந்துப் பக்கம் கீழே. பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல் வளையம் வளையமாக விழும். மருந்துப் பக்கம் கீழே இருந்தால் அது குறைவு. படம் இடவலம் மாறி வரும்; கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம்.

ஸ்கேனர் எட்டாத இடம் ஒன்று இருந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு குடும்பம் நிற்கும் 120 நெகட்டிவ். உறையில் எண் மட்டும், தேதி இல்லை. பின்னால் கடலில் பாறை. இந்த மாவட்டத்துக்காரன் எவனும் கடற்கரைப் படத்தைப் பாறையை வைத்துத்தான் தேதி பார்ப்பான்: வள்ளுவர் சிலை நின்றால் 2000-க்குப் பிறகு, விவேகானந்தர் மண்டபம் மட்டும் என்றால் 1970-க்கும் அதற்கும் நடுவில். இதில் மண்டபம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. வி850-இல் சாம்பல் நிறத்தில் ஒரு முள்ளுப் புதர்.

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்ட பெரியவரின் பழைய என்லார்ஜர் மூலையில் துரு ஏறிக் கிடந்தது. தலையைக் கழற்றிவிட்டு, அந்தத் தூணில் என் 24 மெகாபிக்சல் கேமராவையும் மேக்ரோ லென்ஸையும் கீழ் நோக்கிப் பூட்டினேன். அடிப்பலகையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நடுவில் விழும்வரை சாய்வைச் சரிசெய்தால் கேமரா பிலிமுக்கு இணையாக நின்றுவிடும். முழுப் படத்தையும் இப்படி ஒரே தடவையில் எடுத்தால் ஸ்கேனரைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், 56 மி.மீ.க்கு 4,000 புள்ளி என்றால் 1800 டிபிஐ. பாறை இருக்கும் மூலையை மட்டும், பிலிமில் உள்ள அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கி எடுத்தேன். என் கேமராவின் சின்ன சென்சாரில் அது 6400 டிபிஐக்கு மேல். முள்ளுப் புதர் மரக்கம்புச் சாரமாகப் பிரிந்தது. மண்டபம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். படம் 1970-க்கு முந்தியது.

இப்படி நெருங்கிப் பார்க்க வேண்டியவை நாற்பதுக்குள்தான் வந்தன. 35 மி.மீ.யில் பெரிய பிரிண்ட் வேண்டியவற்றுக்கும் இதே தூண் உதவியது, 36 மி.மீ. அகலத்துக்கு 6,000 புள்ளி, 4200 டிபிஐ.

இப்போதைய நிலை

தேர்ந்தெடுத்த 900-உம் முடிந்துவிட்டன. 150 ஜிபி, இரண்டு டிஸ்க்கில். ஒன்று தக்கலையில், ஒன்று என்னிடம். ஹாஃப் பிளேட்டில் பாதி பாக்கி. வீடு பிரித்தாகிவிட்டதால் ஸ்கேனர் இப்போது வடசேரியில் என் அறையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எப்சன் கண்ணாடியின் உள்பக்கத்தில் மங்கல் படிவது பலரும் சொல்லும் குறை. மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் மூடிவைக்காவிட்டால் அது சீக்கிரமே வரும் என்று நினைக்கிறேன். நெகட்டிவ்கள் காற்றுப் புகாத டப்பாக்களுக்கு மாறிவிட்டன. உறையோடு ஒட்டிக்கொண்ட பதினேழை நாங்கள் பிரிக்கவில்லை. அப்படியே தனியாக வைத்திருக்கிறோம்.

கலர்ச் சுருள்களை இன்னும் தொடவில்லை. அகச்சிவப்பு வசதிக்கு அங்கேதான் வேலை.

போன வாரம் குலசேகரத்திலிருந்து ஒருவர் வந்தார். ஹாஃப் பிளேட்டில் கழுத்து சிவந்திருந்த அந்த மணப்பெண் அவருடைய அம்மா. பிரிண்ட் வேண்டும் என்றார். சிவப்புத் தளம், நீலத் தளம் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அவர் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரியவருக்குப் போன் செய்தேன்.

“நீலத்தைக் கொடு மக்களே,” என்றார். “அவர்கள் காசு கொடுத்தது அதற்குத்தான்.”

வந்தவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.